மாதிரி எடுத்துப் பாயிண்ட் பாருங்கள்: தரவுத்தளச் செய்திமடல்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

தரவுத்தளங்கள், தரவுக் கட்டமைப்பு ஆகியவற்றைப் பற்றி வாராவாரம் மின்னஞ்சலில் வரும் பொறியியல் செய்திமடல்களை எப்படித் தரம் பார்ப்பது என்று சேலம் மாவட்டத்து வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ஆத்தூருக்கு அருகே ஒரு சேகோ ஆலையில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். மரவள்ளிக் கிழங்கு லோடுகளின் எடை, பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு), விலை, விவசாயிக்குக் கொடுத்த பணம் என எல்லாம் எட்டு ஆண்டுகளாக ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்ந்திருக்கின்றன. மாதக் கடைசியில் விவசாயி வாரியாக அறிக்கை எடுக்க நான்கைந்து நிமிடம் ஆகிறது. நான் ஆறு மாதமாக இலவசமாகப் படித்து வந்த ஆங்கிலச் செய்திமடல் ஒன்று இப்போது ஆண்டுச் சந்தா கேட்கிறது. பல சர்வர்களில் பரவி இயங்கும் தரவுத்தளத்துக்கு மாறிவிட வேண்டும் என்று அதில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பணம் கட்டலாமா? அவர்கள் சொல்வதைக் கேட்டு மாறலாமா?

பதில்: உங்கள் ஆலை வாசலில் லோடு வந்து நிற்கும்போது, மேலாகத் தெரிகிற கிழங்கைப் பார்த்து யாரும் விலை சொல்லிவிடுவதில்லை. உள்ளிருந்து மாதிரி எடுத்து, பாயிண்ட் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. சந்தா கேட்கும் செய்திமடலையும் அப்படியே பாருங்கள். ஆறு மாத இதழ்கள் உங்கள் அஞ்சல் பெட்டியில் இருக்கின்றன. கடைசியாக வந்ததை விட்டுவிட்டு, இடையிலிருந்து நான்கு இதழ்களை எடுத்து, ஒவ்வொரு கட்டுரையையும் ஒரே கேள்வியோடு படியுங்கள்: இங்கே சொல்லப்படுவது எந்த நிலைமையில் உண்மை என்று எழுதியவர் சொல்லியிருக்கிறாரா? அட்டவணையில் எத்தனை வரிசைகள் இருந்தன, நொடிக்கு எத்தனை பதிவுகள் எழுதப்பட்டன, தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம் உள்ள எந்திரம், மாற்றிக் கட்டுவதற்கு எத்தனை பேர் எத்தனை மாதம் உழைத்தார்கள், மாறிய பிறகு எது மோசமானது என்ற விவரங்களில் பாதியாவது இருந்தால் அந்தக் கட்டுரையில் சத்து இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2016இல் ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் தாங்கள் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாறிய காரணங்களை விரிவாக வெளியிட்டார்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையைத் திருத்தும்போது பழைய வரிசை உடனே அழிவதில்லை. திருத்திய வரிசை புதிதாக வேறோர் இடத்தில் எழுதப்படுகிறது. அந்த அட்டவணைக்குப் பத்து இண்டெக்ஸ்கள், அதாவது வரிசையை விரைவாகத் தேடித் தரும் குறிப்பட்டவணைகள், இருந்தால், ஒரே ஒரு புலத்தை மாற்றியதற்காகப் பத்திலும் புதிய இடத்தைக் குறிக்க வேண்டிய நிலை வரும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி முறையிலோ துணை இண்டெக்ஸ்கள் வரிசை இருக்கும் இடத்தைச் சுட்டாமல், அதை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியைச் சுட்டுவதால், வரிசை இடம் மாறினாலும் அவற்றைத் தொட வேண்டியதில்லை. ஓயாமல் திருத்தங்கள் நடக்கும் அவர்களுடைய வேலைக்கு இது பெரிய வேறுபாடுதான். ஆனால் இண்டெக்ஸ் உள்ள புலம் எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் காலியாக இருந்தால், போஸ்ட்கிரெஸும் இண்டெக்ஸ்களைத் தொடாமலேயே திருத்தத்தை முடித்துக்கொள்ளும். இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துச் சொன்ன செய்திமடலை நான் மதிப்பேன். ஊபர் கைவிட்ட தரவுத்தளம் என்று தலைப்பிட்டு அதோடு முடித்துக்கொண்டதைப் படித்துவிட்டு எவரேனும் தம் தரவுத்தளத்தை மாற்றியிருந்தால், அவர் ஊபரின் நோய்க்கு எழுதிய மருந்தைத் தாம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். நாளுக்கு ஐம்பது லோடு, ஆண்டுக்கு இருநூறு நாள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுக்கு 80,000 லோடு ஆகிறது. லோடு ஒன்றுக்கு எடை, பாயிண்ட், முன்பணம், பட்டுவாடா என்று ஆறு பதிவுகள் என்றாலும் ஐந்து லட்சம் வரிசைகளைத் தொடாது. வரிசைக்கு 200 பைட் என்று கணக்கிட்டால் மொத்தம் ஏறத்தாழ 100 எம்பி. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் நினைவகத்திலேயே அது அடங்கிவிடும். போஸ்ட்கிரெஸின் இண்டெக்ஸ் 8 கேபி அளவுள்ள பக்கங்களால் ஆனது; ஒரு பக்கத்தில் சில நூறு சாவிகள் கொள்ளும் என்பதால், ஐந்து லட்சத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க அது மூன்று பக்கங்களைப் புரட்டினால் போதும். இப்படிப்பட்ட அளவுக்குப் பல சர்வர்களில் பரவிய தரவுத்தளத்தை வைத்தால், ஒவ்வொரு கேள்விக்கும் எந்திரங்கள் ஒன்றோடொன்று பேசி முடிக்கும் நேரம் கூடுதலாகச் சேரும். ஒரு சர்வரைப் பராமரிக்கும் நீங்கள் மூன்றைப் பராமரிக்க வேண்டியும் வரும். ஆகவே மாற வேண்டாம்.

நான்கு நிமிடத்துக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும். உங்கள் அறிக்கை விவசாயி வாரியானது என்று எழுதியிருக்கிறீர்கள். மென்பொருள் ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாக ஒரு குவெரியை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) அனுப்புகிறதா என்று பாருங்கள். விவசாயி எண்ணுக்கு இண்டெக்ஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஐந்து லட்சம் வரிசைகளும் முழுதாகப் படிக்கப்படும். ஒருமுறை படிக்கப் பத்தில் ஒரு நொடி என்றாலும், இரண்டாயிரம் விவசாயிகளுக்கு 200 நொடி போய்விடும். அந்தக் குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் என்ற கட்டளையைச் சேர்த்து ஓட்டினால், எங்கே நேரம் போகிறது என்பதைத் தரவுத்தளமே வரிவரியாகக் காட்டும். அட்டவணை முழுவதையும் படிப்பதைக் குறிக்கும் சீக் ஸ்கேன் (Seq Scan) என்ற சொல் தென்பட்டால், விவசாயி எண்ணும் தேதியும் சேர்ந்த ஓர் இண்டெக்ஸைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். தேதிப் புலத்திலிருந்து மாதத்தைப் பிரித்தெடுத்து, அது மார்ச்சா என்று கேட்கும்படி குவெரியை எழுதியிருந்தால், தேதி இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. மார்ச் 1 முதல் ஏப்ரல் 1க்கு முந்தைய நாள் வரை என்று எல்லை கொடுத்துக் கேட்டால்தான் பயன்படும்.

செய்திமடல் வெறும் வேகத்தைப் பேசும்போது நான் கூடுதலாக எச்சரிக்கையாகிவிடுகிறேன். அதற்கு என் சொந்த அனுபவமே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் எடை மேடைக் கணினி பதிவுகளை எழுத மெதுவாக இருந்தது. போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்க் என்ற அமைப்பை நிறுத்தினால் எழுதும் வேகம் பல மடங்காகும் என்று ஒரு செய்திமடலில் படித்து, அன்று மாலையே நிறுத்தினேன். வேகம் உண்மையிலேயே கூடியது. மூன்றாம் வாரம் மின்சாரம் போனது, யுபிஎஸ் பேட்டரியும் கைகொடுக்கவில்லை. திரும்ப இயக்கியபோது தரவுத்தளம் திறக்கவே இல்லை. எழுதியது வட்டில் உறுதியாகப் பதிந்ததா என்று காத்திருந்து பார்க்கும் வேலையைத்தான் நான் நிறுத்திவைத்திருந்தேன். முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டு, அன்றைய எடைச் சீட்டுகளின் கார்பன் பிரதிகளை ஒரு கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, விடியும் வரை தட்டச்சு செய்தோம். மங்கிய நீலக் கார்பன் எழுத்தில் 3 எது, 8 எது என்று விளக்கடியில் பிடித்துப் பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

அதே போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட் என்று வேறோர் அமைப்பு உண்டு. அதை நிறுத்தினாலும் வேகம் கூடும்; மின்சாரம் போனால் கடைசியாக எழுதிய ஒரு நொடிக்கும் குறைவான பதிவுகள் போகலாமே தவிர, தரவுத்தளம் சிதையாது. அந்தக் கட்டுரை இவ்விரண்டையும் வேறுபடுத்தி இரண்டு வாக்கியம் எழுதியிருந்தால் நான் தவறியிருக்க மாட்டேன். அமைப்பை மாற்றிய பொறுப்பு என்னுடையது; ஆனால் எதை இழப்போம் என்று சொல்லாமல் எதைப் பெறுவோம் என்பதை மட்டும் சொல்லும் எழுத்துக்கு அன்றிலிருந்து நான் பணம் கொடுப்பதில்லை. நீங்கள் எடுக்கும் நான்கு இதழ்களில், உங்கள் எந்திரத்தில் ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செய்தி இதழுக்கு ஒன்றாவது இருந்தால் சந்தா கட்டுங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் விவரித்திருப்பதை வைத்துச் சொல்வதானால், அது கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

— — —

கேள்வி: சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் தரவுத்தளப் பாடம் நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பாடநூலோடு ஒரு செய்திமடலையும் தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதில் வருவது சரிதானா என்று எனக்கே எப்படித் தெரியும்? விளம்பரதாரர் பணத்தில் நடக்கும் செய்திமடலை வகுப்பில் கொடுக்கலாமா?

பதில்: மூல அறிக்கை பொதுவெளியில் கிடைக்கும் ஒரு பழைய விபத்தை எடுத்துக்கொண்டு, செய்திமடல் அதை எப்படித் திருப்பிச் சொல்லியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான் இதற்கு இரண்டு சம்பவங்களை வைத்திருக்கிறேன்.

முதலாவது, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது. இரவு நேரத்தில் ஒரு பொறியாளர் துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழிக்கத் தொடங்கினார்; நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் ஏறத்தாழ 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது. அவர்கள் வைத்திருந்த ஐந்து பேக்கப் வழிகளில் எதுவும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து (அந்த நேரத்து நகலிலிருந்து) மீட்டார்கள். இடைப்பட்ட தரவு போய்விட்டது. பெரும்பாலான செய்திமடல்கள் இவ்வளவோடு நிறுத்தி, பேக்கப் முக்கியம் என்று எழுதிவிடும். மூல அறிக்கையில் இதைவிடப் பயனுள்ள ஒரு விவரம் இருக்கிறது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் பேக்கப் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களோ உரிய கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமலே போயின. இந்த மின்னஞ்சல் விவரத்தைச் சொன்ன செய்திமடலை எழுதியவர் அறிக்கையைக் கடைசி வரை படித்திருக்கிறார் என்று பொருள். மாணவர்களுக்கு அதைக் கொடுங்கள்.

இரண்டாவது, 2018 அக்டோபர் 21 அன்று அதே வகைத் தளமான கிட்ஹப்பில் நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிணையத் தொடர்பு 43 நொடிகள் அறுந்தது. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. 43 நொடி எப்படி ஒரு நாளானது என்பதை விளக்காத கட்டுரை பயனற்றது. தொடர்பு அறுந்த இடைவெளியில் மேற்குக் கரைச் சர்வர்கள் முதன்மைப் பொறுப்பை ஏற்று எழுதத் தொடங்கின; கிழக்கில் எழுதப்பட்டு மேற்கு அறியாத பதிவுகளும், மேற்கில் எழுதப்பட்டு கிழக்கு அறியாத பதிவுகளும் சேர்ந்துவிட்டன. விரைவில் சேவையைத் தூக்கி நிறுத்துவதைவிட ஒரு பதிவையும் இழக்காமல் இருப்பதே மேல் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். நேரம் அதில்தான் போனது. இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நாளில் இரண்டு பேரேடுகளில் எழுதிவிட்டால் மறுநாள் ஒப்பிட்டு நேர்செய்ய எவ்வளவு பாடு என்று லீ பஜார் மண்டிக் கடைகளில் கேட்டால் மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

விளம்பரதாரர் இருப்பதைக் குற்றமாக நான் கருதவில்லை. நல்ல எழுத்துக்கு யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். விளம்பரம் எது, கட்டுரை எது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்களா, அந்த விளம்பரதாரரின் தரவுத்தளத்தைப் பற்றி எப்போதாவது குறை எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பழைய இதழ்களில் தேடிப் பாருங்கள். வேக ஒப்பீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். 1983இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட்டும் அவருடைய குழுவும் தரவுத்தளங்களின் வேகத்தை ஒப்பிட்டு வெளியிட்டதைத் தொடர்ந்து, அனுமதியில்லாமல் சோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது என்ற விதியை ஆரக்கிள் தன் உரிமத்தில் சேர்த்தது; வேறு நிறுவனங்களும் பின்பற்றிய அந்த விதிக்கு டிவிட் விதி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பொது அளவுகோல் வேண்டும் என்று 1988இல் டிபிசி என்ற அமைப்பு உருவான பிறகும் சச்சரவு ஓயவில்லை. 2021 நவம்பரில் டேட்டாபிரிக்ஸ், ஸ்னோஃப்ளேக் ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே சோதனை முறையின் முடிவுகளை வைத்து வெளிப்படையாக மோதிக்கொண்டன. எனவே ஒப்பீட்டை நடத்தியவர் யார், செலவு யாருடையது, மற்றவர் அதே சோதனையை ஓட்டிப் பார்க்க வழி கொடுத்திருக்கிறார்களா என்ற மூன்றையும் கேட்க மாணவர்களைப் பழக்குங்கள்.

பாடநூலை மட்டும் விட்டுவிடாதீர்கள். தரவை அட்டவணைகளாக அமைப்பது பற்றி 1970இல் காட் எழுதிய ஆய்வுக் கட்டுரையும், 1972இல் பேயரும் மெக்கிரெய்ட்டும் வெளியிட்ட பி-ட்ரீ என்ற இண்டெக்ஸ் அமைப்பும் தெரியாத மாணவருக்கு, செய்திமடலில் வரும் ஒவ்வொரு பெயரும் புதிய கண்டுபிடிப்பாகவே தோன்றும்.

— — —

கேள்வி: ஏற்காட்டில் வீட்டிலிருந்தபடி ஒரு பெங்களூரு நிறுவனத்துக்குத் தரவுப் பொறியாளராக வேலை செய்கிறேன். ஏழு செய்திமடல்கள் வருகின்றன, எதையும் முழுதாகப் படிக்க முடியவில்லை. எவற்றை நிறுத்துவது?

பதில்: ஒரு மாதம் எதையும் திறக்காதீர்கள். வேலையில் உண்மையான சிக்கல் வரும்போது மட்டும் அஞ்சல் பெட்டியில் தேடுங்கள். விடை கிடைத்த இதழைக் குறித்து வையுங்கள். மாத முடிவில் ஒருமுறைகூடக் குறிக்கப்படாதவற்றை நிறுத்திவிடலாம். வெறும் இணைப்புகளைத் தொகுத்துத் தருபவற்றில் ஒன்று போதும். அதிலும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதுபவராகப் பாருங்கள். புதிய பதிப்பு, பாதுகாப்புத் திருத்தம் போன்றவற்றுக்குச் செய்திமடலை நம்பியிருக்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கிறது. அவர்களுடைய அறிவிப்பு அஞ்சலே நேராக வந்து சேரும். மழைக்காலத்தில் மலையில் இணையம் நாள்கணக்கில் படுத்துவிடுகிறது என்பதால், முழுக் கட்டுரையும் அஞ்சலுக்குள்ளேயே வரும் செய்திமடலுக்கு உங்கள் விஷயத்தில் நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுப்பேன்.

— — —

கேள்வி: ஓமலூரைச் சேர்ந்த கல்லூரி மாணவி நான். தரவுத்தளங்களைப் பற்றித் தமிழிலேயே ஒரு செய்திமடல் தொடங்க ஆசைப்படுகிறேன். அதை நீங்கள் மதிப்பிடுவதானால் எதைப் பார்ப்பீர்கள், ஐயா?

பதில்: அம்மா, தொடங்குங்கள். நீங்கள் ஒரு விவரத்தின் முன்னால் நின்று, ஏன் இப்படி என்று கேட்டீர்களா என்பதை முதலில் பார்ப்பேன். தவறு நேர்ந்தால் அடுத்த இதழின் தொடக்கத்திலேயே திருத்தம் போடுகிறீர்களா என்பதை அடுத்துப் பார்ப்பேன். சொல்லாக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நின்றுவிடாதீர்கள். இண்டெக்ஸ் என்று எழுதி, அது என்ன செய்கிறது என்பதைத் தெளிவான தமிழில் சொன்னால் வாசகர் உங்களோடு வருவார்.

விவரத்தின் முன்னால் நிற்பது என்று நான் சொல்வதைக் காட்டுகிறேன். நோஷன் என்ற குறிப்பேட்டுச் செயலியின் பொறியாளர்கள், ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தாங்காமல் போனபோது அதைப் பல துண்டுகளாகப் பிரித்த கதையை 2021இல் எழுதினார்கள். 32 சர்வர்கள், அவற்றில் 480 துண்டுகள் என்பது அதில் வரும் கணக்கு. கணினிக்காரர்கள் பழக்கத்தால், இரண்டை இரட்டித்துக்கொண்டே போனால் வரும் 512ஐத்தான் எடுப்பார்கள்; இவர்கள் ஏன் 480ஐ எடுத்தார்கள்? 480ஐ 32ஆல் வகுத்தால் சர்வருக்கு 15 துண்டுகள். நாளை சுமை கூடினால் 40 சர்வர்களுக்குப் பிரிக்கலாம், தலா 12 வரும். அதன் பிறகு 48 சர்வர்கள், தலா 10. ஒவ்வொரு முறையும் எட்டு சர்வர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, சுமையைச் சமமாகப் பங்கிடலாம். 512 ஆக இருந்திருந்தால், சமமாகப் பங்கிட 32க்கு அடுத்த படி 64தான். ஒரே மூச்சில் செலவு இரட்டிப்பாகும். அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லும்போது 480 என்ற எண்ணை மட்டும் எழுதிவிட்டு, அது ஏன் என்பதை விட்டுவிட்டால் வாசகர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் முதல் இதழ் இந்த 480ஐப் பற்றியதாகவே இருக்கட்டும். 60 சர்வர்கள் வரை படிப்படியாக எப்படிப் போகலாம், எந்தெந்த எண்களில் நிற்க முடியாது என்று நீங்களே கணக்குப் போட்டு எழுதி, பத்திரிகை முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். படித்துவிட்டு, திருத்தம் இருந்தால் ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.